வண்டிக்கு வலி போதாது

அருமனைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ரோட்டில் நின்று பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும். ரப்பர் விளையை வெட்டி இறக்கி, பள்ளத்தில் கட்டியிருக்கிறார்கள். போகும்போது சுகமாக இறங்கிவிடலாம். அடைப்பிரதமன், பால்பாயசம், போளி எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தக் காங்கிரீட் சரிவு எவ்வளவு குத்தென்று உறைக்கும்.

சரிவின் உச்சியில் மெயின்ரோடு. மேலே ஒரு டாரஸ் லாரி கடந்துபோகட்டும் என்று எனக்கு முன்னால் போன பழைய ஆல்டோ நின்றது. நானும் நின்றேன். பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள், எல்லாம் சொந்தக்காரர்கள். என் வண்டியில் மனைவி, அம்மா, பின்சீட்டில் மாமா. லாரி போனதும் ஆல்டோ முக்கி முனகி ஏறிப் போய்விட்டது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது. திரும்ப ஸ்டார்ட் செய்தேன். திரும்பவும் ஆஃப். மூன்றாம் தடவை வெப்ராளத்தில் ஆக்சிலரேட்டரைப் போட்டு மிதித்துக் கிளச்சைப் பாதியில் பிடித்தேன். டயர் கத்தியது. வண்டி ஏறிவிட்டது, ஆனால் உள்ளே கிளச்சு பிளேட் கருகிய மணம், முந்திரி ஆபீஸில் கொட்டை வறுக்கும் புகை மாதிரி நெஞ்சைக் கரித்தது.

தக்கலை வரும்வரை யாரும் பேசவில்லை. பிறகு மாமாதான் ஆரம்பித்தார்.

“லேய் மக்கா, இதுக்கு எத்தன குதிரன்னு சொன்ன?”

“150 மாமா.”

“கொள்ளாம். அதுல ஒண்ணுகூட அந்த ஏத்தத்துல வந்து நிக்கலியே. வண்டிக்கு வலி போதாது கேட்டியா.”

*

இந்த ‘வலி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர்க்காரர்களுக்கு வலி என்றால் நோவு. எங்கள் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்தில் அதற்கு இழுவை என்றும் பொருள். வண்டி நன்றாக வலிக்கிறது என்றால் சந்தோஷமான செய்தி. கேரளத்துக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துடுப்பு வலித்தல் என்பது நல்ல பழைய தமிழ். கரையில் இருபுறமும் ஆள் நின்று கரமடி வலையை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வேகம் ஒன்றும் இல்லை. கயிறு ஒரு சாண், இன்னொரு சாண் என்று வரும். ஆனால் ஒவ்வொரு சாணிலும் உடம்பு முழுக்க இருக்கும். எஞ்சின்காரர்கள் டார்க் என்றும், பாடப்புத்தகம் திருப்பு விசை என்றும் சொல்வதை அந்தக் கரையில் வைத்து விளக்கியிருந்தால் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே புரிந்திருக்கும்.

புரியாதவர்களுக்கு இன்னொரு வழி. பஞ்சரான டயரின் நட்டு அசையாதபோது மெக்கானிக் ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி மிதிப்பாரே, அந்தக் குழாய் கூட்டித் தருவது டார்க். நட்டு இளகிய பிறகு விரலால் சரசரவென்று சுழற்றுவாரே, அது வேகம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன், அதாவது குதிரை. கணக்கு இவ்வளவுதான்: டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கி, 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். அதை 1.36-ஆல் பெருக்கினால் நம் ஊர் ஷோரூமில் சொல்லும் குதிரைத்திறன்.

என் வண்டி எது என்று சொல்லப்போவதில்லை. அதன்மேல் எனக்குக் குறையும் இல்லை, குறை என் இடதுகாலில் இருந்தது. ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர், மேனுவல். 150 குதிரை, 250 நியூட்டன் மீட்டர் என்று வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரகத்தில் இப்போது விற்கிற வண்டிகள் எல்லாமே இந்த எண்களைச் சுற்றித்தான் நிற்கின்றன. விலைப் பட்டியலில் 250 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும்: 1500-லிருந்து 3500 சுற்று வரை. அந்தச் சின்ன எழுத்தை நான் படித்தேன். ஆனால் 1500-க்குக் கீழே என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. காட்டியவர்களும் சொல்லவில்லை. டெஸ்ட் டிரைவ் கொடுத்தது பொட்டல் மாதிரி நேரான நாலுவழிச் சாலையில். அங்கே மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும். ஒட்டியது. செக் எழுதினேன்.

அன்று ராத்திரி, கல்யாண வீட்டிலிருந்து வந்து, தூக்கம் வராமல் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 250-ஐ 1600 சுற்றில் வைத்தால் 57 குதிரை. வாங்கியது 150, கிடைப்பது 57. சரி, அதுவாவது இருக்கட்டும். 1000 சுற்றில், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் அந்த டர்போ இன்னும் எழுந்திருக்காது. அப்போது இந்த எஞ்சின் ஒரு சாதாரண ஒன்றரை லிட்டர் எஞ்சின்தான், 250-ல் பாதியை ஒட்டித்தான் தரும். 120 என்று வைத்துப் போட்டேன். 17 குதிரை! அதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால். நானோ கிளச்சை விட்ட நேரத்தில் அதைத் தொடக்கூட இல்லை.

அடுத்து அந்தச் சரிவு. ஆறுக்கு ஒன்று என்று வைத்தேன், அதாவது ஆறடி போனால் ஓரடி ஏறும். வண்டியும் ஆட்களும் பாயசமுமாக 1450 கிலோ. பின்னால் உருளாமல் சும்மா நிற்பதற்கு மட்டுமே சக்கரத்தில் 700-க்கு மேல் நியூட்டன் மீட்டர் வேண்டும். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கை, அதாவது டார்க்கை, 14 மடங்கு ஆக்கித் தருகின்றன என்று கொண்டால், எஞ்சின் பக்கம் 54 நியூட்டன் மீட்டர். நிற்க மட்டும். ஏற வேண்டுமென்றால் அதற்கு மேல். ஏசி கம்ப்ரசரும் தன் பங்கைப் பிடுங்கும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் கிடக்கிற பெட்ரோல் எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிற அளவுக்குத்தான் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். திடீரென்று 54 கேட்டால் எங்கே போகும்? செத்துவிட்டது.

*

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் மூத்த அண்ணன். கீரிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவர். மகேந்திரா ஜீப், உள்ளே பிஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி, டர்போ கிடையாது. குதிரை அறுபது சொச்சம்தான். அதில் ரப்பர் ஷீட், உரமூட்டை, கிராம்பு, பிரசவ வலி வந்த பெண்கள், எஸ்டேட் துரை வீட்டு நாய் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறார். (அந்த நாய் முன்சீட்டில்தான் உட்காருமாம். மாமாவுக்கு இன்னும் அதன்மேல் கோபம் உண்டு.) கேரளத்து மழையும் நமக்கு உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இரண்டு மழையிலும் அந்த மண் ரோடு சேறாகிக் கிடக்கும்.

சின்ன வயதில் அவரோடு போகும்போது நான் கவனித்தது, ஏற்றத்தில் வண்டி நின்று புறப்படும்போது அவர் வலதுகால் ஆக்சிலரேட்டருக்குப் போகவே போகாது. கிளச்சைப் பையப் பைய விடுவார். எஞ்சின் சத்தம் ஒரு நொடி தாழும், தொண்டையைச் செருமுகிற மாதிரி. பிறகு தானாகத் தன் பழைய சத்தத்துக்கு வரும். வண்டி நகர்ந்திருக்கும். இதை மந்திரம் என்றே நினைத்திருந்தேன். மந்திரம் டீசல் பம்பில் இருக்கிறது. அதற்குள் கவர்னர் என்று ஒன்று. சுற்று குறைந்தால் அது தானாக டீசலைக் கூட்டிவிடும். டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் கதவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிறையக் காற்று, பெட்ரோலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம். ஆகவே 700 சுற்றிலும் கேட்டதும் கொடுக்கும். அதற்கு மேல் லோ கியர் குச்சியைத் தட்டினால் முறுக்கு இன்னும் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஆள் இறங்கி நடந்தால் வண்டியை முந்திவிடலாம். ஆனால் வண்டி நிற்காது.

ராணித்தோட்டம் டிப்போ பஸ்களிலும் இதே கதைதான். சமதளத்தில் டிரைவர்கள் ஃபர்ஸ்ட் கியரைச் சீண்டுவதே இல்லை, செகண்டில்தான் எடுப்பார்கள். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு முனகலோடு பஸ் கிளம்பும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த காலுக்கு டர்போ பெட்ரோல் காரைக் கொடுத்தால் என்ன ஆகும்? கிளச்சை விட்டால் வண்டி போகும் என்று கால் நம்பியிருக்கிறது. நான் வண்டி ஓட்டப் படித்ததும் மாமாவிடம்தான்.

*

டர்போ எப்படி வேலை செய்கிறது என்பது இன்று பள்ளிப் பையனுக்குக்கூடத் தெரியும். புகை போகிற வழியில் ஒரு விசிறி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. புகை முதல் விசிறியைச் சுழற்ற, இரண்டாவது விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிறையக் காற்று, நிறையப் பெட்ரோல், நிறைய முறுக்கு. சிக்கல் என்னவென்றால் புகை நிறைய வந்தால்தான் விசிறி சுற்றும். விசிறி சுற்றினால்தான் புகை நிறைய வரும். கையில் காசிருந்தால்தான் கடன் கிடைக்கும் என்கிற பாங்கு மாதிரி. 1500 சுற்றுக்குக் கீழே இந்த வட்டம் தொடங்குவதே இல்லை. தொடங்கிய பிறகும், மிதித்த நொடிக்கும் முதுகு சீட்டில் ஒட்டும் நொடிக்கும் நடுவே ஒரு இடைவெளி. மிதிக்கிறோம், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு மொத்தமாக வருகிறது.

நெடுஞ்சாலையில் இது ஒரு குறையே இல்லை. குமரி மாவட்டத்தில் ஓட்டுகிறவனுக்கு மட்டும் இது தினசரி விஷயம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரையுள்ள ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய என்.எச். 47, இப்போது 66. இரண்டு பக்கமும் கடை, வீடு, பள்ளிக்கூடம், குருசடி, கோயில், மறுபடி கடை. ஊர் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடும். டாரஸ் லாரிக்குப் பின்னால் 15 கிலோமீட்டர் வேகம். தேர்த் திருவிழா என்றால் ஆள் நடக்கிற வேகம். இங்கே எஞ்சின் 3500 சுற்றைப் பார்ப்பது மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் ஏறினால்தான், அதுவும் காலையில் ஆறு மணிக்கு முன்னால்.

இதில் ஒரு சின்னக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் கியரில், கிளச்சை முழுக்க விட்டு, ஐடிலில் என் வண்டி எவ்வளவு வேகத்தில் போகும்? டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர். எஞ்சின் 800 சுற்று, வகுத்தல் 14. மணிக்குக் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். தேருக்குப் பின்னால் போகும் கூட்டம் நடப்பது 3, மிஞ்சிப்போனால் 4. அதாவது இந்த வண்டியால் ஒரு ஊர்வலத்துக்குப் பின்னால் கிளச்சை விட்டு ஓட முடியவே முடியாது. ஒவ்வொரு பத்தடிக்கும் அரைக் கிளச்சு. சக்தியுள்ள வண்டிகளில் இது கூடுதலாக உறுத்தும். எஞ்சினுக்குத்தான் 250 இருக்கிறதே என்று முதல் கியரையே கொஞ்சம் நீளமாக, அதாவது எஞ்சினின் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகிற மாதிரி, வைத்துவிடுவார்கள். டர்போ விழிக்காத நேரத்தில் அந்த நீளத்தைச் சுமப்பது நம் இடது முழங்கால்.

டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு இந்த விஷயமெல்லாம் கணக்கில்லாமலே தெரியும். ஒரு காலத்தில் எங்கள் ஸ்டாண்டில் பாதிக்குமேல் டிசையர் டீசல். உள்ளே 1248 சிசி ஃபியட் எஞ்சின். அதே எஞ்சினைப் பல கம்பெனிகள் போட்டதால் தேசிய எஞ்சின் என்றே பட்டப்பெயர் வாங்கியது. அதன் டார்க் 190, கிடைப்பது 2000 சுற்றில். பக்கத்தில் நிற்கும் பழைய இன்னோவா, இரண்டரை லிட்டர், 200. வெறும் பத்துதான் கூடுதல். எடையோ எக்கச்சக்கம். ஆனாலும் திற்பரப்பு, பேச்சிப்பாறை சவாரி என்றால், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏற இன்னோவா டிரைவர்தான் மூக்கைச் சொறிந்துகொண்டு ஜம்மென்று கிளம்புவார். அவருடைய 200 வருவது 1400 சுற்றிலேயே. அங்கிருந்து 3400 வரை அசையாமல் நிற்கும். 1400-க்கும் 2000-க்கும் நடுவே இருக்கிற அந்த 600 சுற்றில்தான் மேற்குக் குமரியின் எல்லா ஏற்றங்களும் இருக்கின்றன.

நண்பன் ஒருவன் ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறான். டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர், 145 நியூட்டன் மீட்டர். அதுவும் 4000 சுற்றைத் தாண்டினால்தான். என் 250-ஐப் பார்த்து அவன் பொறாமைப்பட்டான், நான் அவன் கிளச்சைப் பார்த்து. 1000 சுற்றில் இரண்டு எஞ்சினும் ஏறக்குறைய ஒன்றுதான். அவனுடையது கேட்டதை உடனே கொடுக்கிறது, கொடுக்காததை வாக்களிப்பதும் இல்லை.

மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகனிடம் போனில் இதைப் புலம்பினேன். அவனிடம் மஸ்டாங் இருக்கிறது, மேனுவல். ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர், 435 குதிரை, டர்போ இல்லை. “அண்ணா, நான் ஆக்சிலரேட்டரே தொடமாட்டேன், கிளச்ச விட்டா அதுவா நடக்கும்” என்றான். ஐந்து லிட்டர் காற்றை வைத்துக்கொண்டு யார்தான் நடக்கமாட்டார்கள். அங்கே பெட்ரோல் விற்கிற விலைக்கு அவன் பேசலாம். போனை வைத்துவிட்டேன்.

*

அதிகம் பேர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஒரே வண்டி, ஒரே எஞ்சின், மேனுவல் வாங்கினால் டார்க் குறைவு, ஆட்டோமேட்டிக் வாங்கினால் கூடுதல். மகேந்திராவின் ஸ்கார்பியோ-என் டீசலில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. எக்ஸ்யூவி700 டீசலில் 420, 450. தார் பெட்ரோலில் 300, 320. கியர்பாக்ஸும் கிளச்சும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, கம்ப்யூட்டரில் எஞ்சினின் கையைக் கட்டிவிடுகிறார்கள். என்னைப் போன்ற ஆள் சரிவில் நின்று 3000 சுற்றில் கிளச்சை விடுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளச்சுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கும். எண்ணெய் நிறைந்த ஒரு உருண்டை, உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறி, நடுவே எண்ணெயைத் திருப்பிவிடும் மூன்றாவது. வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது அது எஞ்சினின் முறுக்கைப் பெருக்கியே தருகிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. எஞ்சினையும் தடையில்லாமல் 2000 சுற்றுக்கு ஏற விடும், டர்போ அதற்குள் விழித்துக்கொள்ளும். டர்போவின் அந்தப் பள்ளத்தை எண்ணெய் ஊற்றி நிரப்புவது போலத்தான். நம் கிளச்சோ பெருக்காது. வந்ததைக் கடத்தும், மிச்சத்தைச் சூடாக்கும். அந்தச் சூடுதான் அன்று வண்டிக்குள் முந்திரி ஆபீஸ் வாசனையாக வந்தது.

மின்சார வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையைப் படித்தால் சிரிப்பார்கள். நெக்சான் மின்வண்டியில் முன்பு விற்ற மேக்ஸ் ரகத்திலும் டார்க் அதே 250தான் இருந்தது. ஆனால் பூஜ்யம் சுற்றிலிருந்தே. அதில் ஏற்றத்தில் நின்று புறப்படுவது என்ற கலையே செத்துப்போய்விட்டது.

இப்படி எண்களோடு அலைந்துகொண்டிருந்த ஒரு நாளில் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. ஆரல்வாய்மொழியில் வழக்கம்போல் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. முப்பந்தலில் டீ குடிக்க நிறுத்தி அந்தக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றுதான் உறைத்தது, அது நம் காரைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. காரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், கியர்பாக்ஸ் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டிச் சக்கரத்துக்குத் தரும். காற்றாலையில் இறக்கை சோம்பலாகச் சுற்றும், கியர்பாக்ஸ் அதை 1000, 1500 சுற்றாகக் கூட்டி ஜெனரேட்டருக்குத் தரும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டேன். 2 மெகாவாட் இயந்திரம், இறக்கை நிமிடத்துக்கு 16 சுற்று என்று வைத்தால் தண்டில் வரும் முறுக்கு கிட்டத்தட்ட 12 லட்சம் நியூட்டன் மீட்டர். என் காரைப் போல் நாலாயிரத்து எண்ணூறு கார்கள். 16 சுற்றில்! மாமாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “ஆட்டுக்கல்லு மாதிரி. உளுந்து கெட்டியானா வேகம் ஓடாதுல்லா, கை வலிக்கணும்” என்றார்.

*

தீர்வு எளிது, பழகத்தான் நாளாயிற்று. முதலில் தவறாகத்தான் பழகினேன். சுற்று குறைவாக இருந்தால் மைலேஜ் வரும் என்று, டேஷ்போர்டில் அம்புக்குறி சொல்கிறபடியெல்லாம் கியரைக் கூட்டிக்கொண்டே போனேன். நாலாவது கியரில் 1200 சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏற்றத்தை ஏற வைப்பது. வண்டி முனகும், ஸ்டீரிங் நடுங்கும், ஏதோ பெரிய சிக்கனக்காரன் என்று எனக்கு நினைப்பு.

தக்கலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், சின்னப் பையன், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கூட வந்தவன் கத்திவிட்டான். “அண்ணே, ரெண்டாயிரத்துக்குக் கீழ வச்சு இப்படி அமுக்காதீங்க, பிஸ்டன் போயிரும்.” நான் மிரட்டுகிறான் என்று நினைத்தேன். விசாரித்தால் அவன் சொன்னது சரி. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிற ரகத்தில், குறைந்த சுற்றில் அதிக பாரம் கொடுத்தால் சில சமயம் ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் துளியும் கரித்துகளும் அதற்குக் காரணம். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு அதை எதிர்த்து இறங்கும். மோசமாக நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துபோகலாம். இதற்காகவே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஆயிலுக்குப் புதிய தரங்களைக் கொண்டுவந்தது. ஆயிலில் கால்சியம் கூடினால் இந்தத் தொல்லை கூடும் என்று கண்டு, அதைக் குறைத்து மக்னீசியம் சேர்க்கிறார்கள். இப்போது டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். அம்புக்குறியைப் பார்ப்பதில்லை.

ஏற்றத்துப் புறப்பாட்டுக்கு வடசேரிச் சந்தைக்குப் பூசணிக்காய் கொண்டுபோகும் டெம்போக்காரர்களைப் பார்த்துத்தான் திருந்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைப்பது. சுற்றை முதலில் 1800-க்கு ஏற்றி அங்கேயே நிறுத்துவது. அதன்பிறகு கிளச்சை விட்டுக்கொண்டே வருவது. பிடிக்கும் இடத்தில் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், சத்தம் கனக்கும். அங்கே அரை நொடி நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இறக்குவது. வண்டியில் ஹில் ஹோல்டு என்று ஒன்று இருக்கிறது, இரண்டு நொடி பிடித்துக்கொள்ளும். அதை நம்பித்தான் அன்று கல்யாண வீட்டில் நாறினேன். இரண்டு நொடி என்பது மாமா பின்சீட்டில் இருக்கும்போது ரொம்பக் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, “கொண்டா, நான் ஒரு தடவ பாக்கட்டு” என்றார். பேச்சிப்பாறைக்குப் போகும் வழி. மிஞ்சின் துரை கட்டிய அணை 1906-ல் முடிந்ததிலிருந்து அந்த ரோடு அங்கே இருக்கிறது. இப்போது தாரும் இருக்கிறது. சமதளத்தில் அவர் ஓட்டியது அழகு. ஆக்சிலரேட்டர் தொடாமல், கிளச்சை மயிலிறகு மாதிரி விட்டு, வண்டியை நகர்த்தினார். நான் என் 57-ஐயும் 17-ஐயும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைக்கு முந்திய ஒரு ஏற்றத்தில் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது. நிறுத்தினார். பையக் கிளச்சை விட்டார். எஞ்சின் தொண்டையைச் செருமியது. ஆஃப்.

மறுபடி விட்டார். மறுபடி ஆஃப்.

“இது வேற மாடாக்கும்” என்றார்.

“1800-க்கு ஏத்திட்டு விடுங்க மாமா.”

“நிக்கிற வண்டிய எதுக்குலே இப்பிடிக் கத்த வைக்கணும்? நம்ம ஜீப்ப இந்தக் கத்து கத்த வச்சா தொர சம்பளத்துல புடிப்பான்.”

கத்த வைத்துத்தான் ஏற்றினார். மேலே போனதும் ஓரமாக நிறுத்தி, இறங்கி, பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். சாவியை என்னிடம் நீட்டிவிட்டு இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது குலசேகரத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் பால் வண்டி நின்றுவிட, நானும் நிற்க வேண்டியதாயிற்று. ஹேண்ட்பிரேக். 1800. சத்தம் கனத்தது, மூக்கு தூக்கியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமா ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடதுகால் மட்டும் மிதியடியின் மேல், என்னைவிட ஒரு பொடி முந்தி, பையப் பைய எழும்பிக்கொண்டிருந்தது.